ஏழரைக்கு ஒரு ஒன்ஸ் மோர்

கிறிஸ்டோபர் முடிவெடுத்துவிட்டார். இனிமேல் கிட்டார் தோட்டத்துக்குப் போகாது. ஒத்திகை என்றால் வீட்டில்தான்!

தேனி பஜாரில் மோட்டார் பம்ப் கடை வைத்திருந்தாலும், அவர் உயிர் 'ஏழரை' இசைக்குழுவில்தான் இருந்தது. ஜாஸ் பாதி, ராக் பாதி. தாளம் ஏழரை என்பதால் அந்தப் பெயர். பெயர் வைத்ததிலிருந்து பிடித்ததும் ஏழரைதான். போடியில் ஒரு கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையின் அப்பாவே ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார். குமுளியில் ஒரு கல்லூரி விழாவில் பையன்கள் எழுந்து ஆடினார்கள். டிரம்ஸ் விஜய்ராஜுக்குக் கொஞ்ச நாள் கால் தரையில் படவில்லை. அடுத்த கச்சேரி காலி நாற்காலிகளுக்கு. ஒத்திகையோ அனுமந்தன்பட்டித் திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமில், கொசுக்களின் பக்கவாத்தியத்தோடு.

"எப்சி, ஒத்திகைக்கு முன்ரூமைக் குடேன்."

மனைவி எப்சிபா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "பிள்ளைக படிக்கிற ரூமாச்சே."

"பொருட்காட்சியில வாசிக்கிறோம். ஒருத்தராச்சும் 'ஒன்ஸ் மோர்' கேட்டா?"

"கேட்டா ரூமு உங்களுக்கு. கேக்கலேன்னா கிட்டாரு பரணுக்கு."

"பேச்சு மாற மாட்டியே?"

"நான் என்ன உங்க தாளமா, நடுவுல மாறுறதுக்கு?"

கிறிஸ்டோபர் நேராகப் பக்கத்துக் கடை நாகராஜைப் பிடித்தார். பரோட்டா வாங்கிக் கொடுத்தார். "நாங்க வாசிச்சு முடிச்சதும் 'ஒன்ஸ் மோர்'னு கத்து. அம்புட்டுதேன்."

பொருட்காட்சி மேடையில் ஏழரை முழங்கியது. முடிந்தது. முன்வரிசையில் நாகராஜ் கடலை கொறித்துக்கொண்டிருந்தான். கிறிஸ்டோபர் கண்ணைக் காட்டினார். புருவத்தை ஆட்டினார். நாகராஜ் எழுந்து கத்தினான்.

"சுதி சேத்தது போதும்ணே! பாட்ட ஆரம்பிங்க!"

கூட்டம் சிரித்தது. கிறிஸ்டோபர் மனக்கண்ணில் கிட்டார் பரண் ஏறியது.

அப்போது பெண்கள் பக்கமிருந்து கணீரென்று ஒரு குரல். "ஒன்ஸ் மோர்!"

எப்சிபா! கூட வந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மறுபடி வாசித்தார்கள். இந்தத் தடவை கைதட்டல்கூட வந்தது.

பைக்கில் வீடு திரும்பும்போது கிறிஸ்டோபர் பாதி திரும்பிக் கேட்டார். "எங்க மியூசிக் உனக்குப் பிடிச்சிருச்சா எப்சி?"

"பிடிக்காம என்ன? நாளைக்கே முன்ரூம்ல ஆரம்பிச்சிருங்க."

மறுநாள் சாயங்காலம் விஜய்ராஜ் முன்ரூமில் டிரம்ஸை அடுக்கினார். எப்சிபா நல்ல சேலை கட்டி வெளியே வந்தாள்.

"எங்கன கெளம்பிட்ட?"

"சர்ச்சுல பாட்டுப் பயிற்சி. கிறிஸ்துமஸ் வரைக்கும் தெனமும். பிள்ளைகளத் தனியா விட்டுட்டுப் போக முடியாம இருந்தேன். இப்பத்தேன் நீங்க இங்கனயே இருக்கீகளே!"

"சோறு?"

"குக்கர் வச்சிருக்கேன். மூணு விசில் வந்ததும் அடுப்ப அமத்துங்க. உங்களுக்குத்தேன் விசில் அடிக்கிறாகன்னு வாசிச்சுக்கிட்டே இருந்துறாதீக!"