சுறா நுழையாத வீடு

“பால் சுறா வேணும்” என்றாள் தெய்வானை, தொலைக்காட்சிக்கு நேர் முன்னால் நின்றுகொண்டு.

மோகனராஜ் கழுத்தைச் சாய்த்தார். மனைவியின் இடுப்புக்கும் அதில் ஊன்றிய கைக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில் ஒரு வெள்ளைச் சுறா அகலமாக வாயைத் திறந்துகொண்டு வந்தது. நாள் முழுக்க மருந்து மொத்தக் கடையில் கணக்குப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, ஹந்தானை ரோட்டு ஏற்றத்தையும் நடந்து ஏறிய மனிதருக்கு அந்த இடைவெளியே போதுமானதாக இருந்தது.

“யாருக்கு?”

“எனக்கா கேக்குறேன்? உங்க மகளுக்கு. பால் பத்தாம புள்ள கத்துறது காதுல விழலையா?”

விழாமல் என்ன! நிலூஷா பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து வீட்டில் யாரும் ஒழுங்காகக் கண்ணை மூடவில்லை. பேரன் அழுதான். அவன் அழுவதைப் பார்த்து நிலூஷா அழுதாள். இருவரையும் தேற்றுவதற்கென்று பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திறங்கிய சம்பந்தியம்மா வேலாயி, தேற்றுகிற சாக்கில் எல்லோரையும் விடச் சத்தம் போட்டாள்.

“நாலு பெத்தவ சொல்றேன் சம்பந்தி!” அறைக்குள்ளிருந்தே குரல் வந்தது. “பால் சுறாவ அவிச்சு, உதுத்து, பூண்டு தட்டிப் போட்டுப் புட்டு வறுத்துக் குடுத்தா மறுநாளே பால் ஊறும். இது ஊருக்கே தெரிஞ்ச விஷயம்.”

மோகனராஜுக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால், இந்த வீட்டுக்குள் இனிச் சுறா நுழையாது என்று சத்தியம் செய்தவரும் அவர்தான்.

சுற்றிலும் மலையாக இருக்கும் ஊரில் பிறந்து வளர்ந்தவருக்குச் சுறா மேல் ஏன் இப்படிப் பைத்தியம் பிடித்தது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. வருஷக்கணக்காக இராச் சாப்பாட்டுத் தட்டும் கையுமாகச் சுறா நிகழ்ச்சிகளாகப் பார்த்துத் தள்ளியிருந்தார். எது முட்டையிடும், எது குட்டி போடும், எது நீந்துவதை நிறுத்தினால் மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்றெல்லாம் அவருக்கு அத்துப்படி. நிற்காமல் நீந்தவேண்டிய அந்தச் சுறாவின் மேல் மட்டும் தனி இரக்கம். தன் பிழைப்பும் அதுதானே என்பார்.

போன வருஷம் கடையில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் திருகோணமலைக்குச் சுற்றுலா போனார்கள். மற்றவர்கள் முழங்கால் தண்ணீரில் நின்று படமெடுத்துக்கொண்டிருக்க, இவர் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, பயிற்சி கொடுத்தவனின் கையை விடாமல் பிடித்தபடி கடலுக்குள் இறங்கினார். பாறை மறைவிலிருந்து ஒரு சுறா வந்தது. இவரை ஒரு தரம் பார்த்தது. ‘பாவம், இவனும் நம்மைப் போல அலுத்தவன்’ என்று நினைத்ததோ என்னவோ, ஒன்றும் செய்யாமல் விலகிப் போய்விட்டது. மேலே வந்த மோகனராஜ் படகில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். சத்தியம் செய்தது அங்கேதான்.

கடலுக்கடியில் எடுத்த அவருடைய படம் கூடத்தில் பெரிதாக மாட்டப்பட்டிருக்கிறது. ஓரத்தில் தெரிவது சுறாவின் வால். வருகிறவர்கள் எல்லோரும் அதை யாருடையதோ துவாய் என்றே நினைக்கிறார்கள்.

சத்தியம் வீட்டோடு நிற்கவில்லை. கடையில் பக்கத்து மேசைக்காரர் மயில்வாகனம், யாழ்ப்பாணத்து மனிதர். மத்தியானச் சாப்பாட்டுக்கு, தேங்காய்ப்பூ போட்டு உதிர்த்து வறுத்த சுறா வறை கொண்டுவருவார். அந்தப் பெட்டி திறக்கும்போதெல்லாம் மோகனராஜ் கண் கலங்கினார். தினமும் ஒருவர் எதிரில் உட்கார்ந்து கண் கலங்கினால் யாருக்குத்தான் சோறு இறங்கும்? மயில்வாகனம் பருப்புக்கு மாறிவிட்டார்.

“சத்தியமா, பேரனா? நீங்களே சொல்லுங்க” என்றாள் தெய்வானை.

அந்த நேரம் பார்த்துப் பேரன் வீரிட்டான். அத்தனை சின்ன உடம்பிலிருந்து அத்தனை பசி. மோகனராஜ் தொலைக்காட்சியை அணைத்தார். எழுந்து செருப்பை மாட்டினார்.

“வாங்கிட்டு வர்றேன்.”

“யார்கிட்ட? ஸெய்னுலாப்தீன் நானா கடையிலதானே?”

“வேற யார்கிட்ட?”

இறக்கத்தில் நடக்கும்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அலுத்துப்போனவர்களுக்கு வருகிற எல்லா யோசனைகளையும் போல அதுவும் மிகவும் சுலபமாகத் தெரிந்தது: அவித்து உதிர்த்துவிட்டால் சுறாவும் ஒன்றுதான், தலபத் மீனும் ஒன்றுதான்.

மீன்கடையில் ஸெய்னுலாப்தீன் நானா ஃபோனில் யாருக்கோ “சரி, சரி, நான் பாத்துக்கொள்றேன்” என்று சொல்லி வைத்துவிட்டு நிமிர்ந்தார். “வாங்க ஐயா. பேரப்புள்ள கிடைச்சீக்காமே, சந்தோசம்.”

“நானா, தலபத் இருக்கா?”

“புள்ள பெத்த வீட்டுக்குப் பால் சுறாதானே கேக்குற?”

மோகனராஜ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “தலபத்தே குடுங்க. ஆனா தோல் இருக்கக் கூடாது. முள்ளு இருக்கக் கூடாது. சின்னச் சின்னதா வெட்டிருங்க. யார் பாத்தாலும் என்ன மீனுன்னு தெரியக் கூடாது.”

நானா அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டார். “அது நம்மட கையில ஈக்கி ஐயா. யாருக்கும் தெரியாது.”

உள்பக்கம் போய் வெட்டி, பையில் கட்டிக் கொண்டுவந்தார். தலபத் இத்தனை மலிந்துவிட்டதா என்று மோகனராஜுக்கு ஒரு சின்ன ஆச்சரியம். ஆனால் விலை கூடினால் கேட்கலாம், குறைந்தால் யார் கேட்பார்கள்?

வீட்டில் பையை நீட்டி, “பால் சுறா” என்றார். பொய் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. தெய்வானை பையை முகர்ந்து பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“நல்ல சுறாதான்” என்றாள்.

நிலூஷாவுக்குப் பால் ஊறியது. அது தானாக வரவேண்டிய நேரத்தில் வந்ததா, பூண்டில் வந்ததா, பயம் தெளிந்ததில் வந்ததா, யார் கண்டார்கள்! பேரன் வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கினான். நிலூஷா தூங்கினாள். வேலாயிகூட வாயை மூடித் தூங்கினாள். மோகனராஜ் படத்திலிருந்த வாலைப் பார்த்து, ‘உன்னையும் காப்பாத்தியாச்சு, அவனையும் காப்பாத்தியாச்சு’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு படுத்தார். இதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தார், பாவம்.

வேலாயி விடிந்ததும் எழுந்து ஊருக்குச் சொல்லத் தொடங்கினாள்.

“அசல் சுறா! எங்க சம்பந்தி கொண்டாந்தது. உதுத்தா அப்படியே பஞ்சு!”

முதலில் வந்தது மேல்வீட்டு ஸுமைரா. “அங்கிள், எங்கட தங்கச்சிக்கும் புள்ள கிடைச்சி ஒரு கிழமை. அந்தச் சுறா கொஞ்சம் எடுத்துத் தர ஏலுமா?”

பச்சைப் பிள்ளைக்காரிக்கு எப்படி இல்லை என்பது? மோகனராஜ் போய்த் தலபத் வாங்கி வந்தார். ஸுமைராவின் தங்கைக்கும் பால் ஊறியது. அப்புறம் பன்விலயில் வேலாயியின் தம்பி மகள். அப்புறம் அவளுடைய நாத்தனார். இறக்கத்தில் குழந்தைகளுக்கான பால்மா விற்றவர் மட்டும் இவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்ற எல்லோருக்கும் இவர் ‘சுறா ஐயா’ ஆகிவிட்டார். வேலை முடிந்து, மீன்கடைக்குப் போய், பைகளைச் சுமந்து ஏற்றம் ஏறி, வீடு வீடாகக் கொடுத்து வந்து உட்காரும்போது சுறா நிகழ்ச்சி முடிந்து பாம்பு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்து, பசி தாங்காமல் அடுப்படிக்குப் போனார். சட்டியில் சுறாப் புட்டு மணந்தது. ‘எல்லாருக்கும்தான் அது சுறா, எனக்குத் தலபத்துதானே’ என்று ஒரு கிண்ணம் போட்டுச் சாப்பிட்டார். பிரமாதமாக இருந்தது. இன்னொரு கிண்ணம் போட்டுக்கொண்டு திரும்பினால், வாசலில் தெய்வானை.

வாய் நிறைய மீனோடு மோகனராஜ் நின்றார். தெய்வானை அவரையும் கிண்ணத்தையும் பார்த்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனாள். சத்தியம் தவறிய புருஷனைப் பார்த்து அழுகிறாள் போல என்று அவருக்கு வேதனையாக இருந்தது. உண்மையைச் சொல்லவும் வழியில்லை.

மறுநாள் வேலாயியிடம், “சுறா சீசன் முடிஞ்சு போச்சும்மா, இனிக் கெடைக்காது” என்று சொல்லிப் பார்த்தார்.

“அது எப்படிக் கெடைக்காம போகும்? நான் கூட வர்றேன், எந்தக் கடைன்னு காட்டுங்க. கேக்குற மாதிரி கேப்போம்.”

மோகனராஜுக்கு வியர்த்தது. “கடையில வாங்குறது இல்லம்மா. திருகோணமலையிலேருந்து ஒரு கூட்டாளி ஐஸ் பொட்டியில போட்டு அனுப்புறாரு.”

படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஸுமைரா ஃபோனை எடுத்தாள். “அப்ப அவர்ட நம்பரத் தாங்க அங்கிள். நாங்களே பேசிக்கொள்றோம். நீங்களும் எவ்வளவுதான் அலையுற?”

அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் இரண்டுதான். ஒன்று தெய்வானையுடையது.

அடுத்த நாள் கடைக்குள் நுழையும்போதே மயில்வாகனம் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

“மோகன், உமக்கு நான் என்ன அநியாயம் செய்தனான்?”

“ஏன், என்னாச்சு?”

“விடிய எழும்பினதிலை இருந்து போனுக்கு மேலை போன். ‘சுறாக்கார அண்ணாவா?’ எண்டு ஒரு பிள்ளை கேக்குது. பன்விலையிலை இருந்து ஒரு மனுசி, பெரிய சுறா வேண்டாமாம், பால் சுறாதான் வேணுமாம். ஓம் எண்டு சொல்லாட்டி வைக்கமாட்டாவாம்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “என்ரை சுறா வறையைப் பாத்துக் கண்ணீர் விட்டனீர். உமக்காக நான் ஒரு வருசமாப் பருப்புத் தின்னுறன். இப்ப நீர் சுறா யாவாரமோ?”

கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. மோகனராஜ் அவரைத் தேநீர்க் கடைக்கு இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் ஒப்புவித்தார்.

“தலபத்தோ?” மயில்வாகனம் கோப்பையைக் கீழே வைத்தார். “அத்தனை பேருக்கும் தலபத்துக்கோ பால் சுரந்தது?”

“அதுதான் எனக்கும் விளங்கல.”

“நான் நம்பமாட்டன். அந்த மீனை என்ரை கண்ணாலை பாக்கவேணும். தலபத் எண்டால் மன்னிக்கிறன். சுறா எண்டால் நாளையிலை இருந்து உமக்கு முன்னாலை இருந்து சுறா வறைதான்.”

“பின்னேரம் கூட வாங்க. காட்டுறேன்.”

அன்றைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். மறுநாள் பேரனுக்குப் பேர் வைக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லோருக்கும் சுறாப் புட்டு என்று வேலாயி பன்வில வரைக்கும் சொல்லி வைத்துவிட்டாள்.

பின்னேரம் இருவரும் ஜனத்துக்குள் நெரிபட்டு நடந்தார்கள். மோகனராஜுக்குக் கால் வலித்தது. மனமும் வலித்தது.

“நாளைக்கு எல்லாரும் சாப்பிட்டு முடிச்சதும் உண்மையைச் சொல்லிடப் போறேன் மயில்வாகனம். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு. தெய்வானை ஏசட்டும். சம்பந்தியம்மா பன்வில வரைக்கும் கேக்குற மாதிரி கத்தட்டும். ஆனா ஒண்ணு. இவ்வளவு நடந்தும் என் கையால ஒரு குட்டிச் சுறாகூடச் சாகல. எனக்கு அது போதும்.”

அவர் கண் கலங்கியது. மயில்வாகனம் அந்தக் கண் கலங்கலை ஒரு வருஷமாகப் பார்த்தவர்தான். இருந்தாலும் இந்தத் தடவை அவருக்கும் என்னவோ செய்தது. மோகனராஜின் தோளில் கையை வைத்தார்.

“அது சரி. அந்த அளவிலை நீர் பெரிய மனுசன்தான்.”

மீன்கடையில் நானா இல்லை. அவருடைய மச்சினன் ஸிபான் பலகைக்குப் பின்னால் நின்றிருந்தார். அன்றைக்குத்தான் கடைக்கு வந்தவர் போல, எதை எங்கே வைப்பது என்று தடுமாறிக்கொண்டிருந்தார்.

“நானா இல்லையா?”

“அவர் ஒரு கலியாணத்துக்குப் போன ஐயா. உங்களுக்கு என்ன வேணும்?”

“தலபத் வேணும். கொஞ்சம் கூடவே வேணும், நாளைக்கு விசேஷம்.” மயில்வாகனம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதற்காக மோகனராஜ் அந்த மீனின் பெயரை அழுத்திச் சொன்னார். “நல்ல தலபத்தா பாத்துக் குடுங்க.”

“எந்த வீடு ஐயா?”

“ஹந்தானை ரோடு. மோகனராஜ்.”

ஸிபானின் முகம் மலர்ந்தது. நானா சொல்லிவிட்டுப் போனதில் ஒன்றாவது ஞாபகம் வந்துவிட்ட சந்தோஷம். உள்ளே கத்தியோடு நின்றவருக்குக் கேட்கும்படி திரும்பிக் கூவினார்:

“தெய்வானை அக்கா ஃபோன்ல சொன்ன ஐயா வந்தீக்கார்! அந்தப் பால் சுறாவத் தோலுரிச்சு வெட்டி, வழமை போலத் தலபத்துன்னு சொல்லிக் கட்டிக் குடுங்க!”