ஈசலுக்கு வந்த முதியோர் மானியம்

ஒரு காட்டில், சிங்கம் இருந்ததோ இல்லையோ, அலுவலகம் மட்டும் தவறாமல் இருந்த ஒரு காட்டில், மாசிலாமணி என்றோர் ஆமையார் வாழ்ந்து வந்தார். வயது நூற்றிருபதுக்குக் குறையாது.

அவருக்கு ஒரே ஒரு கஷ்டம்தான். குளத்துக்கு இறங்கும் கரை செங்குத்து. தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் கால் வழுக்கி மல்லாந்துவிடுவார். யாராவது புரட்டிவிடாவிட்டால் வெயிலில் கிடந்து சாக வேண்டியதுதான். இத்தனை நாளும் பக்கத்துப் பொந்து உடும்பு செண்பகவல்லிதான் வாலால் ஒரு நெம்பு நெம்பி அவரை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

“பெரியப்பா, நாளைக்கு நான் மக வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் உங்களை யாரு பொரட்டுவா?” என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, ஆட்காட்டிக் குருவி தலைக்கு மேலே கத்திக்கொண்டு போனது. “மூத்தோர் இனிது வாழ மானியம்! மூத்தோர் இனிது வாழ மானியம்!”

ஆமையார் அப்போதே அலுவலகத்துக்குக் கிளம்பினார். அங்கே நீண்ட வரிசை. வரிசையில் நிற்பதில் ஆமையை மிஞ்ச ஆள் கிடையாது என்பதால் அது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மறுநாள் காலை அவர் முறை வந்தது.

அதிகாரி சடையாண்டி ஒரு கரடி. கரடிக்கு ஈசல் என்றால் உயிர் என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் சொன்னால் மறைத்துவிட்டேன் என்பீர்கள்.

“வாங்க ஐயா, உட்காருங்க. என்ன வேணும்?”

“குளத்தங்கரையில ஒரு சாய்தளம் வேணும் ஐயா. பிடிச்சுக்கக் கம்பியெல்லாம் வேண்டாம். நான் எதால பிடிக்கிறது?”

“நியாயம்தான். வயசு?”

“நூத்திருபது இருக்கும்.”

“உங்க குடும்பத்துல எவ்வளவு காலம் இருப்பாங்க?”

“அப்பா முந்நூறு வரைக்கும் இருந்தாரு. அம்மா இன்னும் இருக்காங்க.”

கரடி பெருமூச்சு விட்டது. “ஆயுசுல முக்கால் பங்கைத் தாண்டினவங்கதான் மூத்தவங்க. அதுதான் விதி. நீ இன்னும் பாதியையே தாண்டலையே, தம்பி.”

ஒரு நொடியில் ஐயா தம்பியானார்.

“அப்ப இந்த மானியம் யாருக்குத்தான்?” என்று ஆமையார் கோபமாகக் கேட்டார்.

கரடி ஜன்னலுக்கு வெளியே கை காட்டியது. ராத்திரி மழை பெய்திருந்தது. விடிகாலையில் புற்றிலிருந்து புறப்பட்டு, அதற்குள் தள்ளாமையும் வந்துவிட்ட ஈசல்கள் கூட்டமாகப் பறந்துகொண்டிருந்தன. அவற்றின் தலைவர் இருளப்பன் வந்து ஆமையாரின் ஓட்டின்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“அந்தக் காலத்துல, விடியறதுக்குக் கொஞ்சம் முன்னால, பெரியவங்கன்னா என்ன மரியாதை தெரியுமா தம்பி? இந்த எட்டு மணிக்குப் பொறந்த பசங்களுக்கு ஒண்ணும் தெரியல.”

எனக்கே வயிறு எரிகிறது. ஆமையாருக்கு எப்படி இருந்திருக்கும்!

மூத்தோரின் கருத்தைக் கேட்கக் கூட்டம் நடந்தது. “சாய்தளம் எதுக்கு? எங்களுக்குத்தான் றெக்கை இருக்கே. குளத்தங்கரையில பெரிய விளக்கு ஒண்ணு போடுங்க, போதும்” என்றார் இருளப்பன். கரடி நாக்கால் மூக்கை நக்கியபடி, “பெரியவங்க வாக்கை நான் தட்ட மாட்டேன்” என்றது. எந்தக் கோப்பும் அந்தக் காட்டில் அவ்வளவு வேகமாக நகர்ந்ததில்லை.

இளைஞர்களின் உழைப்பும் சேர்ந்தால்தான் மானியம் இறங்கும் என்று இன்னொரு விதி இருந்தது. ஆகவே கம்பத்துக்கான கல்லையெல்லாம் இளைஞர் மாசிலாமணியின் முதுகில் ஏற்றினார்கள். அவர் சுமந்தார், வழுக்கினார், மல்லாந்தார். செண்பகவல்லி திட்டிக்கொண்டே புரட்டினாள். “நல்லா வருவீங்க பெரியப்பா! நூத்திருபது வயசுல இளைஞர் அணி!”

அன்று மாலை திறப்பு விழா. விளக்கு எரிந்ததுதான் தாமதம், மூத்தோர் அனைவரும் பாய்ந்து போய் அதில் மோதி, சிறகுதிர்ந்து விழுந்தார்கள். கரடி ஒருவர் விடாமல் நேரில் சந்தித்து நலம் விசாரித்து விழுங்கியது. நன்றியுரை சொல்ல எழுந்தபோது அதன் வாயோரத்தில் இருளப்பனின் ஒரு சிறகு ஒட்டியிருந்தது.

“பயனாளிகள் அனைவரும் தங்கள் வாழ்நாளின் கடைசி நிமிடம் வரை இந்தத் திட்டத்தைப் பயன்படுத்தினார்கள் என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்!”

கைதட்டல் காட்டைப் பிளந்தது. செண்பகவல்லியும் தட்டிவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் புறப்பட்டுப் போனாள்.

கூட்டம் கலைந்தது. பகலெல்லாம் கல் சுமந்த ஆமையாருக்குத் தாகம். கரையில் கால் வைத்தார். மண் முழுக்க ஈசல் சிறகு. முன்னைவிட இரண்டு மடங்கு வழுக்கியது. சறுக்கிக்கொண்டே போய்த் தண்ணீருக்கு ஒரு சாண் தள்ளி மல்லாந்து கிடந்தார். புதிய விளக்கு அவர் வயிற்றைப் பளிச்சென்று காட்டியது.

கரடி ஏப்பம் விட்டபடி அந்தப் பக்கம் வந்தது.

“ஐயா, கொஞ்சம் பொரட்டிவிடுங்க!”

கரடி குனிந்து பார்த்தது. “இப்படியே கிடந்தா எவ்வளவு நேரம் தாங்குவே?”

“வெயில் ஏறினா முடிஞ்சுது. நாளைக்கு மத்தியானம் தாண்டாது.”

கரடி விரல் மடக்கிக் கணக்குப் போட்டது. சட்டென்று அதன் முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் கூப்பியது.

“அப்ப நீங்க ஆயுசுல முக்கால் பங்கைத் தாண்டிட்டீங்க ஐயா! மூத்தவர் ஆயிட்டீங்க! உங்களுக்குச் சாய்தளம் உண்டு.”

“அது இருக்கட்டும், முதல்ல பொரட்டுங்க!”

“பொரட்டினா இன்னும் நூத்தியெண்பது வருஷம் இருப்பீங்க. மறுபடியும் தம்பி ஆயிருவீங்க. உங்க சலுகையை என் கையாலேயே நான் கெடுப்பேனா?” கரடிக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. “காலையில ஆபீஸ் திறந்ததும் நேர்ல வந்துருங்க, ஐயா. மூத்தவங்களுக்குத் தனி வரிசை.”

கீழே கிடந்தவர் பார்க்கச் சிரமப்படக் கூடாது என்று, விளக்கை அணைக்காமலே அது வீட்டுக்குப் போனது.

நீதி: முதியோர் சலுகை வேண்டுவோர் சீக்கிரம் சாகிற குடும்பத்தில் பிறக்க வேண்டும், அந்தக் கொடுப்பினை இல்லாதவர்கள் மல்லாந்து கிடந்தபடி விண்ணப்பிக்கலாம்.