முன்சீட்டில் முழித்திருப்பவர்

வாகனத்தில் ஏறினால் எனக்குக் கண்ணே மூடாது என்று அடித்துச் சொல்லுகிற ஒரு கூட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. அவர்களைக் கண்டுபிடிப்பது லேசு. வேன் புறப்பட்டுக் கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பிப் பாருங்கள். யாருடைய வாய் முதலில் திறந்திருக்கிறதோ, அவர்தான்.

கரைத்தீவு ஹயாத்து முகம்மது அந்தக் கூட்டத்துக்குத் தலைவராக இருக்கத் தக்கவர். எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கோ மையித்து அடக்கத்துக்கோ வேன் பிடித்தால், ட்ரைவருக்குப் பக்கத்தில் பொறுப்பான ஒருவரை இருத்துவது வழக்கம். கதை கொடுத்து ட்ரைவரை நித்திரை கொள்ள விடாமல் பார்ப்பது அவர் வேலை. அந்தச் சீட்டை ஹயாத்து இருபது வருஷமாக ஒருவருக்கும் விட்டதில்லை. வேன் வருவதற்கு முன்பே றோட்டில் வந்து நிற்பார், மற்ற ஆட்கள் தூங்கி விழுவார்கள் என்று பொதுவாக ஒரு பழியைப் போடுவார், ஏறிச் சீட்டை முன்னுக்கு இழுப்பார், தொண்டையைக் கனைப்பார், தேங்காய் என்ன விலை போகிறது என்று ட்ரைவரிடம் கேட்பார், பதில் வருவதற்குள் போய்விடுவார். எங்கே? நித்திரைக்குத்தான்.

அவரைக் குற்றம் சொல்லவும் ஏலாது. குண்டும் குழியுமான பழைய றோட்டில் எவன் நித்திரை கொண்டான்? கண்ணை மூடினால் தலை கூரையில் அடிக்கும். யுத்தம் முடிந்து றோட்டுக்கு வழவழவென்று காபட் போட்டார்களே, அதில் வந்தது வினை. இஞ்சினின் நடுக்கம் ஒரே சீராகச் சீட்டுக்குள் ஏறி, இடுப்பில் புகுந்து, முதுகெலும்பு வழியாகப் பிடரிக்கு வந்து சேர்ந்தால், எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் அது தாலாட்டு. வேன் நின்றால் நடுக்கம் நிற்கும், உடனே கண் திறக்கும், மதுரங்குளி வந்துவிட்டதா, பார்த்துக்கொண்டுதானே வாறேன் என்பார் ஹயாத்து. ட்ரைவர் மனுவேல் மாம்புரிக்காரர், தங்கமான மனிதர், காட்டிக் கொடுக்கமாட்டார். ஹயாத்தின் குறட்டைதான் தன்னை முழிப்பாக வைத்திருக்கிறது என்பது அவருடைய கட்சி.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டவாளம் ஒரு பகல் பயணத்தில் வெளிக்கு வந்தது. சிலாபம் பக்கம் ஒரு கலியாணம். ஆம்பிளைகள் மட்டும் போன வேன். சஹன் என்கிற பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி இருந்து மூக்கு முட்டச் சாப்பிட்டு, வட்டிலாப்பத்தையும் ஒரு கை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஹயாத்துக்குப் பின்னால் இருந்தவர் உப்பளக்கார நஸீம் ஹாஜியார். முந்தல் தாண்டும்போது அவருக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. முன்னுக்குச் சாய்ந்து, உங்கள் மகள் றைஸாவை என் மகனுக்குத் தாருங்கள், இரண்டு மாசத்தில் நிக்காஹ், கையோடு இரண்டு பேரும் கட்டாருக்குப் போகலாம் என்று கேட்டார். ஹயாத்தின் தலை மேலும் கீழும் ஆடியது.

அடுத்த நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் இனிப்புத் தட்டோடு வீட்டுக்கு வந்து நின்றபோதுதான் ஹயாத்துக்கு விஷயமே தெரியும்.

உள்ளே திரைக்குப் பின்னால் றைஸா நின்றாள். ரீச்சராகப் படிக்கக் கல்வியியற் கல்லூரிக்கு எடுபட்ட கடிதம் வந்து மூன்று நாள்தான். மாப்பிள்ளையில் அவளுக்குக் குறையில்லை, நல்ல பொடியன்தான். ஆனால் இரண்டு மாசத்தில் கட்டார் என்றால் அந்தக் கடிதத்தை என்ன செய்வது, சுண்டல் சுற்றுவதா?

ஹாஜியார் நேர்மையான மனிதர், கணக்காகச் சொன்னார்.

"ஹயாத்து நானா, மூணு தரம் கேட்டேன். மூணு தரமும் தலையாட்டினீங்க. நாலாந் தரம் நான் கேக்காமலே ஆட்டினீங்க."

வேனில் வந்த மற்றவர்களும் ஓம், நாங்களும் பார்த்தோம் என்று சாட்சி சொன்னார்களாம். அந்த நேரம் அவர்களும் வாயைத் திறந்துகொண்டுதான் கிடந்தார்கள். அதை எவன் ஒத்துக்கொள்ளுவான்?

ஹயாத்து கணக்குப் போட்டுப் பார்த்தார். முழிப்பாக இருந்தேன் என்றால் மகளுடைய படிப்புப் போகும். நித்திரை என்றால் இருபது வருஷ மானமும் முன்சீட்டும் போகும். யோசித்துப் பாருங்கள், சின்னச் சீட்டா அது? மனைவி ஸுல்பிகாவைப் பார்த்தார். கட்டின நாளிலிருந்து அவருடைய குறட்டையைக் கேட்டு வருகிற அந்த மனுசி, இப்போது இனிப்புத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரை அசைந்தது. கடிதத்தைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் தெரிந்தன.

"ஹாஜியார், நான் அப்ப நித்திரை," என்றார் ஹயாத்து.

ஹாஜியார் விழுந்து விழுந்து சிரித்தார். சரி, ஆறுதலாக யோசித்துச் சொல்லுங்கள் என்று இனிப்பையும் வைத்துவிட்டுத்தான் போனார். போகும்போது வாசலில் நின்று, இனிமேல் முன்சீட்டில் தானே இருப்பதாகவும் வாகனத்தில் ஏறினால் தனக்குக் கண்ணே மூடாது என்றும் சொன்னார். கேட்டீர்களா?

ஹாஜியாருக்குப் பதில் சொல்லாமலே நாள் போனது. றைஸாவைக் கல்லூரியில் விடப் போன அன்று சிலாபத்தில் அலுவல் இருந்ததால் ஹாஜியாரும் அதே வேனில் ஏறினார். முன்சீட்டில்தான். தொண்டையைக் கனைத்தார், மனுவேலிடம் உப்பு விலை சொன்னார். ஹயாத்து பின்னால் மானம் இழந்தவராக, ஆனால் மிகவும் சுகமாகச் சாய்ந்துகொண்டார். பாலாவி தாண்டியது. மதுரங்குளி தாண்டியது. முந்தலுக்குக் கிட்டவாக ஹாஜியாரின் பிடரி மெல்ல ஆடத் தொடங்கியது.

றைஸா உம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். முன்னுக்குச் சாய்ந்தாள். மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

"மாமா, என்ட படிப்பு முடிஞ்ச பிறகுதான் கலியாணம். சரிதானே?"

ஆடியது. இரண்டாம் தரம் கேட்டாள், ஆடியது. மூன்றாம் தரமும் கேட்டாள். மனுவேல் பக்கத்துக் குறட்டையைக் கேட்டபடி, தான் சாட்சி என்று கையை உயர்த்தினார். வேன் சிலாபத்தில் நின்றதும் ஹாஜியார் கண்ணைத் திறந்து, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் வந்தேன் என்றார். அப்படியென்றால் மிகவும் நல்லது என்றாள் ஸுல்பிகா.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். வாகனத்தில் ஏறினால் உங்களுக்குக் கண்ணே மூடாது. இதைக்கூட பஸ்ஸில் இருந்துதான் வாசித்துக்கொண்டு போகிறீர்கள், இல்லையா? நானும் அப்போதிருந்து பார்க்கிறேன், நான் சொல்லுகிற எல்லாவற்றுக்கும் உங்கள் தலை ஆடிக்கொண்டே இருக்கிறது. பின்சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிடுங்கள்.