அம்புரோஸ் இழைத்த இறக்கை

"அண்ணாச்சி, ரெக்கை அரை அங்குலம் கம்மியா இருக்கு," என்றார் மெக்கானிக் எஸ்றா.

"இருக்கத்தான் செய்யும். தண்ணியில ஊறுனா மரம் உப்பும்லா? அதுக்கு எடம் விட்டிருக்கேன்."

"இது ஆகாயத்துல போறது அண்ணாச்சி!"

அம்புரோஸ் நாக்கைக் கடித்துக்கொண்டார். முப்பது வருஷமாகத் தோணி கட்டுகிறவர். ஊறுவதற்கு இடம் விடாமல் பலகை அறுக்க அவர் கைக்குத் தெரியாது.

1944ஆம் வருஷம் அது. அன்று காலை, மரச்சட்டமும் துணியுமான ஒரு சின்னப் பட்டாள விமானம் பனிமூட்டத்திலிருந்து வந்து கீழவைப்பார் மணலில் இறங்கி, வலது இறக்கையின் பின் விளிம்பை ஒடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு நாளாகக் காணாமல் போயிருந்த அம்புரோஸின் மகன் ரோச் தோணியோடு கரை சேர்ந்தான். வெள்ளைக்காரப் பைலட்டின் கண்ணெதிரேதான் அம்புரோஸ் மகனைத் தோளில் தாங்கி வீட்டுக்குக் கூட்டிப்போனார். விமானம்தான் அவனைத் தேடிப்பிடித்து வழிகாட்டியது என்று அம்புரோஸ் முடிவு கட்டிவிட்டார். ரோச்சைக் கேட்கலாமென்றால், அவன் சோற்றில் கை வைத்தபடியே தூங்கிவிட்டான்.

"என் மவனைக் கொண்டாந்து குடுத்த புண்ணியவான். ரெக்கையை நான்தான் செஞ்சு குடுப்பேன்!"

பெட்ரோலோடு லாரியில் வந்திறங்கிய நாசரேத்துக்காரர் எஸ்றாவால் மறுக்க முடியவில்லை. சாயங்காலம் பௌர்ணமி ஓதம் ஏறிவிடும். அதற்குள் பறக்காவிட்டால் விமானம் கடலுக்குத்தான்.

"முன் விளிம்புல இருந்து பின் விளிம்பு வரைக்கும் நேரா அளந்தா, அதுக்குப் பேரு கார்ட். அதுதான் ரெக்கையோட அகலம்," என்று எஸ்றா மறுபடியும் விளக்கினார். "ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். இல்லன்னா ஒரு பக்கமாச் சாய்ஞ்சிரும்."

"இம்புட்டுத்தானா?" அம்புரோஸ் இழைப்புளியோடு இடது இறக்கைக்குத் தாவினார்.

"ஐயோ, அது நல்ல ரெக்கை!"

எஸ்றா பதறிப்போய் பைலட்டிடம் இங்கிலீஷில் கேட்டார். வெள்ளைக்காரர் அம்புரோஸைப் பார்த்தார். தன் இறக்கையைப் பார்த்தார். "தேங்க் யூ," என்றார்.

"என்னங்காரு?"

"சரிங்காரு," என்றார் எஸ்றா, நம்ப முடியாமல்.

இடது பக்கம் ஒரு விரல் அதிகமாகப் போய்விட்டது. வலதை இழைத்தார். அது இரண்டு விரல் போயிற்று. திரும்பவும் இடதுக்கு வந்தார். ஒவ்வொரு தடவையும் பைலட் நெஞ்சில் கை வைத்து, "தேங்க் யூ," என்றார்.

"இப்பப் பாரும். இம்மி பிசகல!"

எஸ்றா அளந்தார். "ஒண்ணாத்தான் இருக்கு. ரெண்டு பக்கமும் நாலு விரல் கம்மி. கார்ட் இம்புட்டுக் குறைஞ்சா காத்து தூக்காது. இனி இது கோழி மாதிரி ஓடத்தான் செய்யும்."

அலை வந்து சக்கரத்தை நனைத்தது. அம்புரோஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையெடுத்துக் கும்பிட வேண்டியவரின் விமானத்தைத் தானே கெடுத்துவிட்டோமே! தோணிக் கயிற்றைக் கட்டி, "ஏலே, எல்லாரும் வாங்கலே!" என்று கத்தினார். ஊரே கூடி இழுத்து விமானத்தை மேட்டில் ஏற்றியது.

பைலட் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"நான் ரெக்கையைப் பாழாக்கும்போது ஏன் ஒரு வார்த்த தடுக்கலன்னு கேளும் தம்பி," என்று அம்புரோஸ் விம்மினார்.

எஸ்றா கேட்டார். பைலட் நீளமாக ஏதோ சொன்னார். எஸ்றா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பனியில வழி தெரியாம கடல்ல விழப்போனவருக்கு, கரை இந்தப் பக்கம்னு கை காட்டுனதே உம்ம மவன்தானாம் அண்ணாச்சி. உசுரைக் குடுத்தவனோட அப்பாகிட்ட, போயும் போயும் ஒரு ரெக்கைக்காக எப்படி வேண்டாங்கதுன்னு கேக்காரு!"