மூன்றாவது கோவலென்கோ

மற்றவர்களுக்கெல்லாம் மானம் தரையில் நிற்கும்போது போகிறது. எனக்கு அந்தரத்தில் போனது. ஒரு தேவாலய மண்டபத்தில், ஊர்ப் பெரியவர்கள் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, பலத்த கைதட்டலுக்கு நடுவே போனது. கைதட்டியவர்களைக் குறை சொல்லமாட்டேன். அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் தட்டியிருப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பெர்லினுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில், ஃப்ராவ் லின்ட்னர் என்ற அம்மையாரின் விடுதியில் வேலை செய்துகொண்டிருந்தேன். வேலை என்றால் கோப்பை கழுவுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, வாசலில் பனி தள்ளுவது. ஆனால் என் பெரியம்மாவின் மகன் ரவி அண்ணை, கொழும்பில் எனக்குப் பேசிக்கொண்டிருந்த பெண்வீட்டாரிடம், "தம்பி ஹோட்டலில ரிசெப்ஷனில நிக்கிறான்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். (பொய்யில்லை. ரிசெப்ஷனைக் கூட்டும்போது நின்றுகொண்டுதான் கூட்டுவேன்.)

பெண்வீட்டார் கண்டுபிடிப்பதற்குள் அந்தப் பொய்யை உண்மையாக்கிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் நான் இருந்தேன். ரிசெப்ஷனுக்கு ஆள் எடுக்கப்போவதாக ஃப்ராவ் லின்ட்னர் சொல்லியிருந்தார். "பார்ப்போம், ஹெர் கந்தையா" என்றும் சொல்லியிருந்தார்.

கந்தையா என் அப்பா. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஜெர்மன்காரருக்கு அது இல்லாமல் ஆளே கிடையாது. அதனால் விசா அலுவலகத்தில் அப்பாவின் பெயரை எனக்குச் சூட்டிவிட்டார்கள். அவர் பாட்டுக்கு யாழ்ப்பாணத்தில் சாய்மனைக் கதிரையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருக்க, இங்கே நாள் முழுக்க அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கோப்பை கழுவவைத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை ஃப்ராவ் லின்ட்னர் வான் சாவியை என் கையில் வைத்தார். அவர் தேவாலயப் பாட்டுக் குழுவுக்குத் தலைவி. அன்று மாலை மண்டபத்தில் பெரிய கச்சேரி. அதைப் பற்றி மூச்சு விடாமல் ஏதோ சொன்னார். ஷோனெஃபெல்ட் விமான நிலையம், கீவ், இரண்டு மணி, கோவலென்கோ, புகழ், ஐந்து மணிக்கு மண்டபம். அந்த வேகத்தில் என் கைக்கு அகப்பட்ட சொற்கள் இவ்வளவுதான். கோவலென்கோவுக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் "டீ", "டீ" என்றார். அது மட்டும் நன்றாக விளங்கியது. வருகிறவருக்குத் தேநீர் கொண்டுபோகச் சொல்கிறார்.

"விளங்கியதா, ஹெர் கந்தையா?"

"யா, யா" என்றேன். விளங்கவில்லை என்றால் ரிசெப்ஷன் போய்விடுமே!

சமையலறையில் ஃபிளாஸ்க் நிறையத் தேநீர் ஊற்றிக்கொண்டு, ரவி அண்ணையிடம் கறுப்புக் கோட் வாங்கப் போனேன்.

"அண்ணை, ஆளை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? முகமும் தெரியாது, ஒண்டும் தெரியாது."

"பேரை அட்டையில எழுதிப் பிடியன்."

"ஆள் பிழைச்சுப் போனா?"

"புகழ் பெற்ற ஆளெண்டுதானே சொன்னவ? அப்பிடியான ஆக்களைப் பாத்த உடனே தெரியுமடா. நடையே வேற மாதிரி இருக்கும். சும்மா பதறாத."

சும்மா பதறாதே என்று சொன்னால் எனக்கு இன்னும் கூடுதலாகப் பதறும். ஷோனெஃபெல்டுக்கு வேண்டிய நேரத்துக்கு மிக முன்னதாகவே போய்விட்டேன். சில வருடங்களுக்கு முன் நான் அகதியாக வந்து இறங்கியதும் அதே இடம்தான். அதனால் அங்கே ஒரு சீருடையைக் கண்டாலும் கை தானாகச் சட்டைப் பையைத் தடவும். அன்று பையையும் தடவிக்கொண்டு, ஃபிளாஸ்க்கையும் பிடித்துக்கொண்டு, வாழைப்பழப் பெட்டியின் மூடியில் எழுதிய பெயரையும் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் நடந்தேன். என்னைப் போலவே யாருக்கோ காத்திருந்த இரண்டு ஆண்கள் விளையாட்டு உடுப்பில் தூணோரம் நின்றார்கள். விமானம் இறங்கியது என்று பலகையில் விழுந்ததும் அவர்கள் சிகரெட் பிடிக்க வெளியே போனார்கள். நான் அசையவில்லை. அதுதான் பிழை.

கதவு திறந்தது. முதலில் வந்த மனிதர் கதவின் அகலம் போதாமல் சற்றுச் சரிந்து வந்தார். கழுத்து என்று தனியாக ஒன்று இல்லை. ஊன்றி ஊன்றி, பூமி தாங்குமா என்று பார்ப்பவர் போல நடந்தார். ரவி அண்ணை சொன்ன நடை! நான் மூடியை உயர்த்தினேன். அவர் வாசித்தார். முகம் மலர்ந்தது.

"கோவலென்கோ!" என்று தன் நெஞ்சில் குத்திக் காட்டினார். பிறகு என்னை அணைத்தார். என் முதுகில் இரண்டு மூன்று இடத்தில் சத்தம் கேட்டது.

தேநீரைக் கொடுத்தேன். ஃபிளாஸ்க்கை ஒரே மூச்சில் காலியாக்கி, "குட்" என்றார். அவருக்குத் தெரிந்த ஜெர்மன் அது ஒன்றுதான் என்பது வான் புறப்பட்ட பிறகு தெரிந்தது.

"இன்று மாலை கச்சேரியா?"

"குட், குட்."

எனக்குள் ஏதோ சரியில்லை என்று ஊரத் தொடங்கியது. சரி, சைகையில் கேட்போம் என்று, சிவப்பு விளக்கில் நின்றபோது தொண்டையைத் தொட்டு, வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினேன். நீங்கள் பாடுபவரா? அவர் ஆவலோடு தலையாட்டினார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஆனால் அடுத்த உணவுக் கடையைக் கண்டதும் வானை நிறுத்தும்படி என் தோளில் அடித்தார். நான் கேட்டது பசிக்கிறதா என்றுதான் அவருக்கு விளங்கியிருக்கிறது. உள்ளே போய்த் தட்டுத் தட்டாகச் சொசேஜ் சாப்பிட்டார். கச்சேரிக்கு முன் இப்படிச் சாப்பிட்டால் மேல் சுருதி எங்கிருந்து வரும் என்று நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் அவர் வாயைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

திரும்ப வானில் ஏறியதும், அவராகவே தன் தொழிலை விளக்க விரும்பினார். குனிந்து, மூச்சைப் பிடித்து, இரண்டு கைகளையும் மெதுவாகத் தலைக்கு மேல் உயர்த்தி, நடுங்க நடுங்க நிறுத்திக் காட்டினார். வானின் கூரை இடித்தது.

எனக்கு எல்லாம் வெளித்துவிட்டது. இவர் பாடகர் இல்லை. பாட்டுக் குழுவை நடத்துபவர்! கையை உயர்த்தினால் அத்தனை பேரும் உச்சத்தில் பாடுவார்கள்! (இந்த மூளையோடுதான் ரிசெப்ஷனுக்கு ஆசைப்பட்டேன்.)

மண்டபத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி கடந்துவிட்டது. ஆட்கள் நிறைந்து, முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ஃப்ராவ் லின்ட்னர் வாசல் பக்கம் ஓடிவந்து பார்த்தார். அவர் முகத்தில் ஓடிய குழப்பத்தை நான் பிரமிப்பு என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் யாரோ பூங்கொத்தைக் கோவலென்கோவின் கையில் கொடுக்க, சனம் கைதட்ட, அவர் மேடையில் ஏறிவிட்டார்.

பியானோக்காரர் தொடங்கினார். பாட்டு வரவேண்டிய இடம் வந்தது. கோவலென்கோ புன்னகைத்தார். பியானோக்காரர் மறுபடி முதலிலிருந்து வாசித்தார். கோவலென்கோ இன்னும் அழகாகப் புன்னகைத்தார். முன்வரிசையில் இருமல் கேட்டது. மூன்றாவது தடவையும் அந்த இடம் வந்தபோது, தன்னிடமிருந்து இவர்கள் ஏதோ எதிர்பார்க்கிறார்கள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. கோட்டைக் கழற்றினார். கைகளைத் தேய்த்தார். மேடையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை பியானோவில் நின்றது.

அவர் குனிந்து பியானோவின் காலைப் பிடித்த கணத்தில்தான் எனக்கு எல்லாம் உண்மையாகவே வெளித்தது. இது பளுதூக்குகிற கோவலென்கோ! பியானோ உடைந்தால் ரிசெப்ஷனும் இல்லை, கல்யாணமும் இல்லை, இந்த நாட்டில் நானும் இல்லை. பாய்ந்து மேடையில் ஏறி, பியானோவுக்கும் அவருக்கும் நடுவே கைகளை விரித்துக்கொண்டு நின்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பியானோவைவிட இது வசதி என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு கை என் இடுப்புப் பட்டியிலும், மறு கை ரவி அண்ணையின் கோட் காலரிலும் விழுந்தது. அடுத்த நொடி மண்டபத்தின் விளக்குகள் என் மூக்குக்குப் பக்கத்தில் இருந்தன.

உயிர் போகிற நேரத்தில் யாருக்கும் ஜெர்மன் வராது. நான் தமிழில் கத்தினேன். அதுவும் வயதில் மூத்த மனிதர் என்று மரியாதையாகக் கத்தினேன்.

"ஐயோ, விடுங்கோ! இறக்குங்கோ! கீழ விடுங்கோ!"

கோ, கோ, கோ! நான் தன் பெயரைச் சொல்லித் தன்னை உற்சாகப்படுத்துகிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். முகம் சிவந்து, முழங்கையை நிமிர்த்தி, என்னை இன்னும் உயர்த்தினார். பின்வரிசைப் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். "கோ! கோ!" என்று மண்டபமே கத்தியது. "இறக்கடா" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் பிழைத்திருப்பேன். யாழ்ப்பாணத்து வளர்ப்பு விடவில்லை.

அப்போது கதவு திறந்தது. விமான நிலையத்துத் தூணோரம் நின்ற அந்த இரண்டு பேரும், அவர்களுக்கு நடுவே பச்சைக் கோட் போட்ட ஒரு சிறிய பெண்ணும் உள்ளே வந்தார்கள். அந்தப் பெண் மேடையைப் பார்த்தார். அந்தரத்தில் கிடந்த என்னைப் பார்த்தார். பிறகு தெளிவான ஜெர்மனில் கேட்டார்:

"மன்னியுங்கள். எனக்கு முன் நிகழ்ச்சி இதுதானா?"

அவர்தான் பாடகி கோவலென்கோ. அவரை அழைத்துவந்த இருவரும் ஒரு பளுதூக்கும் சங்கத்துக்காரர்கள்; தங்கள் வீரர் கோவலென்கோவை அழைக்க வந்தவர்கள். சிகரெட் முடித்து வந்து தங்கள் அட்டையைப் பிடித்தபோது, பளுதூக்குபவரை நான் கொண்டுபோய்விட்டேன், பாடகிதான் மிச்சம். இது வீரரின் மனைவி, அவர் பின்னால் வருவார் என்று நினைத்து, வெகுநேரம் வராத மனிதருக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். காரில் ஏறிய பிறகுதான் அந்தப் பெண் பாடகி என்றே தெரிந்திருக்கிறது.

என்னை இறக்கினார்கள். முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பாடகி பாடினார். அவ்வளவு சிறிய உடம்பிலிருந்து அவ்வளவு ஆழமான குரல் வந்தது. பளுதூக்கும் கோவலென்கோ எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். என் கோட் காலரில்தான் கண்ணைத் துடைத்தார்.

கச்சேரி முடிந்து கேக் சாப்பிடும்போது, ஃப்ராவ் லின்ட்னர் என்னை மூலைக்குக் கூப்பிட்டார்.

"ஹெர் கந்தையா, 'டீ கோவலென்கோ' என்று தெளிவாகச் சொன்னேனே! 'டீ'! பெண்பால்!"

ஜெர்மனில் ஆணுக்கு ஒரு சொல், பெண்ணுக்கு ஒரு சொல், இரண்டும் இல்லாததற்கு ஒரு சொல் முன்னால் வரும். பெண்ணுக்கு வருவது 'டீ'. என் காது அவசரத்தில் ஆங்கிலத்துக்குப் போய்விட்டது.

"நான் தேநீர் கொண்டுபோனேன்" என்றேன்.

ஃப்ராவ் லின்ட்னர் என்னையே பார்த்தார். உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தார்.

பாடகிதான் எனக்காகப் பேசினார். "அவரைத் திட்டாதீர்கள். கோவலென்கோ என்றால் கொல்லன் வீட்டுப் பிள்ளை. எங்கள் நாட்டில் கொல்லன் இல்லாத ஊர் ஏது? கவிஞர், தளபதி, பேராசிரியர், கால்பந்துக்காரர் என்று எதை எடுத்தாலும் பெயர் பெற்ற ஒரு கோவலென்கோ இருப்பார். சில பெயர்கள் பெண்ணுக்கு வேறு மாதிரி முடியும்; எங்களுடையது அப்படியேதான். என் பல் டாக்டரும் கோவலென்கோ. அவரைப் பெயர் சொல்லித் திட்டினால் எனக்கே உறைக்கும்."

நல்லூர்க் கோயில் தேரன்று கூட்டத்தில் நின்று "கந்தையா" என்று கூப்பிட்டால் எத்தனை தலை திரும்பும் என்று நினைத்துப் பார்த்தேன். அதில் ஒன்று அப்பாவுடையதாகவும் இருக்கும்.

ரிசெப்ஷன் அந்த வருடம் கிடைக்கவில்லை. ஃப்ராவ் லின்ட்னர் என்னை மாலை வகுப்புக்கு அனுப்பினார். ஆண்பால் பெண்பால் பிரிக்கத் தெரிந்த பிறகுதான் என்னை மேசைக்குப் பின்னால் நிறுத்தினார். ஆனால் அதற்குள் உள்ளூர்ப் பத்திரிகை தன் வேலையைக் காட்டிவிட்டது. வாயைப் பிளந்தபடி நான் அந்தரத்தில் கிடக்கும் படம். கீழே, "கீவ் நகரிலிருந்து வந்த பாடகர் கோவலென்கோ (மேலே)" என்று போட்டிருந்தார்கள். அப்பாவின் பெயரும் போய்விட்டது.

ரவி அண்ணையின் மனைவி அதைக் கத்தரித்துக் கொழும்புக்கு அனுப்பிவைத்தார். பெண்ணின் தாயார் தொலைபேசியில் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"தம்பி ரிசெப்ஷன் எண்டுதானே சொன்னனீங்கள்? இது சர்க்கஸ் எல்லோ?"

பெண்ணுக்கு மட்டும் படம் பிடித்துப்போனது. கல்யாணமாகி வரும்போது சுகந்தி அதைச் சட்டம் போட்டுத்தான் கொண்டுவந்தார். இன்றைக்கும் எங்கேயாவது புறப்படுமுன் நான் கடிகாரத்தைப் பார்த்து, கதவைப் பார்த்து, வீடு முழுக்க ஓடித் திரியத் தொடங்கினால், மகள் செருப்பைப் போட்டுக்கொண்டே குரல் கொடுப்பாள்.

"அம்மா, அப்பா மேல போயிட்டார்! இறக்கி விடுங்கோ!"

உள்ளே இருந்து சுகந்தி சொல்லுவார்: "'கோ' போடாமச் சொல்லு பிள்ளை. போட்டா இன்னும் மேல போவார்."