தலைதீபாவளி மாமாவும் காற்றடித்த படகும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எங்கள் ஆவடியை யாராவது மட்டமாகப் பேசிவிட்டால் மூளை வேலைநிறுத்தம் செய்துவிடும். (மற்ற நாட்களில் ஓவர்டைம் பார்க்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.)

அக்காவுக்குத் தலைதீபாவளி. மாமா கொடைக்கானல்காரர். எண்ணெய் தேய்த்துக் குளித்து, நைனா (எங்கள் வீட்டில் அப்பா) எடுத்துக்கொடுத்த பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு இட்லி சாப்பிட்டவர், "உங்க ஊர்ல பாக்க என்ன இருக்கு? எங்கூர் ஏரிக்கு ஈடாகுமா?" என்றார்.

விடுவேனா? இரண்டு தெரு தள்ளி எங்களுக்கும் ஏரி இருக்கிறது. அக்கரையில் அடர்ந்த காடு, மயில் சத்தம். அந்தக் காட்டுக்குள் எங்கள் ஊரில் யாருமே போனதில்லை. ஏன் போனதில்லை என்று நான் யோசித்ததும் இல்லை. ஆன்லைனில் வாங்கிய ரப்பர் படகுக்குக் காற்றடித்தேன்.

"மத்தியானம் சம்பந்தி வந்துடுவாரு. மாப்ளய எப்படி கூட்டினு போறியோ அப்படியே கூட்டினு வா. எதுனா ஆச்சு, உங்கக்கா வாழ்க்கை நாறிப்பூடும்," என்றார் நைனா.

மழைக்காலத்து ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. ஆகாயத்தாமரையை விலக்கித் துடுப்பு போட்டோம். நாரைகள் எழுந்து பறந்தன. "மச்சான், இது மெட்ராஸ்தானா?" என்று மாமா வாயைப் பிளந்தார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அக்கரையில் சீமைக்கருவேல முள் படகைக் குத்தியது. நனைந்த பட்டாசு மாதிரி புஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இடுப்பளவு சேற்றில் தட்டுத்தடுமாறிக் கரையேறினோம். பட்டு வேட்டியின் நிறத்தைச் சொல்ல விரும்பவில்லை. "ரோடு பக்கத்துலதான் இருக்கும் மாமா, நடங்க," என்று காட்டுக்குள் கூட்டிப்போனேன்.

மரங்களுக்கு நடுவே ஒரு துப்பாக்கி. அதற்குப் பின்னால் ஒரு காவலர். இந்தியில் ஏதோ கத்தினார். எனக்கு இந்தி தெரியாது, என் கைகளுக்குத் தெரிந்திருந்தது. மாமாவின் கைகளும் மேலே போயின. வேட்டி கீழே போனது.

ராணுவ வளாகம்! ரோட்டுப் பக்கம், உள்ளே வராதே என்று மூன்று மொழியில் போர்டு இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் கல்லூரிக்குப் போய்வந்தேன். அதே வளாகம்தான் ஏரிப் பக்கம் காடாகத் தெரிகிறது என்பது அந்த நிமிடம்தான் உறைத்தது.

வீட்டிலிருந்து யாராவது வந்து அடையாளம் சொன்னால் விட்டுவிடுவதாக வாசலில் ஒரு தமிழ் அதிகாரி சொன்னார். வீட்டுக்குப் போன் போனது. நைனா ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே சம்பந்தியும் இறங்கினார்.

"இவரு எங்க ஊட்டு மாப்ள சார்."

"இன்னொருத்தர்?"

நைனா சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது யாருன்னே தெரியாது சார்."

பெற்ற அப்பா! மாமாவை ஏற்றிக்கொண்டு ஆட்டோ போயேவிட்டது. அம்மா என் ஆதார் அட்டையோடு வந்து மீட்பதற்குள் விருந்து முடிந்து, பாயசம் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

மாமா கோபித்துக்கொள்ளவே இல்லை. ஆனால் இன்றைக்கும் எந்தக் கல்யாணத்தில் குடும்பமாக போட்டோவுக்கு நின்றாலும் மேடையிலிருந்து அவர் குரல் வரும்: "யாருன்னே தெரியாத அந்த ஆளையும் கூப்பிடுங்கப்பா, ஓரமா நிக்கட்டும்."

நானும் போய் ஓரமாகத்தான் நிற்கிறேன்.