பகல் அட்டையும் மாலை அட்டையும்

ஸ்கிப்டன்,
ஜூன் 9

பாசமிகு ஐவி அக்காவுக்கு, தம்பி நெவில் எழுதிக்கொண்டது. உன் முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். என் வீட்டுக்காரி மொரீன் மட்டும் நேற்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

என் பெண் ஹெஸ்டரின் கல்யாணத்துக்கு உனக்கு வந்த அழைப்பை உடனே கிழித்துப் போடு. நம் வழக்கம் உனக்குத் தெரியாததா? சொந்தக்காரர்களுக்குப் பகல் அட்டை: சர்ச், சாப்பாடு, பெண்ணைப் பெற்றவனின் பேச்சு. பழகியவர்களுக்கு மாலை அட்டை: ஏழரைக்கு மேல் வந்து, ஆடிவிட்டு, பன்றியிறைச்சி வைத்த பன் ஒன்றைத் தின்றுவிட்டுப் போகலாம். உறையில் அட்டை போடும் வேலையை நான்தான் கேட்டு வாங்கினேன். கிரிக்கெட் பார்த்துக்கொண்டே போட்டதில் இரண்டு கட்டும் இடம் மாறி, உங்களுக்கெல்லாம் மாலை அட்டை வந்துவிட்டது.

பதில் அட்டைகள் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. உறைமேல் 'குடும்பத்தாருடன்' என்று எழுதியது கறிக்கடைக்காரருக்கு வசதியாகப் போயிற்று. தன் மருமகனின் அம்மா வரை பெயர் எழுதி, அத்தனை பேருக்கும் சாப்பாட்டுக்கு மீன் கேட்டிருக்கிறார்! ஜன்னல் துடைக்க வருகிறவர், 'எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டீங்களே, கண்ணு கலங்கிடுச்சு' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். அவரிடம் போய், வராதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது?

மாப்பிள்ளையின் அம்மா கிளெனிஸ் எழுதியது ஒரே வரி: 'வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.' உடனே போன் செய்தேன்.

"சம்பந்தியம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு..."

"தப்பென்ன? என் பையன் மோதிரம் மாத்துறப்ப நான் வீட்ல துணி துவைச்சிட்டிருக்கேன். சாயங்காலமா வந்து ஒரு பன்னைத் தின்னுட்டுப் போறேன்."

மொரீன் போனைப் பிடுங்கினாள். "இந்த மனுஷனுக்கு மூளை இருந்தா எனக்கேன் இந்தப் பாடு?" அந்த ஒரு வார்த்தையில் இருவரும் ஒன்றாகிவிட்டார்கள். கிளெனிஸ் பகலிலேயே வருகிறார்.

கறிக்கடைக்காரரும் வரட்டும், பெரிய கொட்டகையாகப் போடச் சொல்லிவிட்டேன். ஆனால் நம் ஆட்கள் இல்லாமல் எப்படி அக்கா? குளிர்காலம் முழுக்க என் பேச்சை எழுதி எழுதித் திருத்தியிருக்கிறேன். ஹெஸ்டர் பிறந்த நாளிலிருந்து தொடங்குகிறது. அதை நீ கேட்காமல் ஊரார் கேட்டு எனக்கென்ன? இத்துடன் பகல் அட்டை வைத்திருக்கிறேன். நம்மவர்களுக்கும் நீயே சொல்லி, எல்லோரையும் பகலிலேயே அழைத்து வா.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உன் முழங்காலைக் கடவுள் காப்பாற்றட்டும்.

உன் தம்பி,
நெவில்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உன் பதில் அட்டை வந்தது. 'பிரமாதம்டா நெவில்! போன கல்யாணத்துல நீ பேசி முடிக்கிறதுக்குள்ள ஐஸ்கிரீம் கரைஞ்சே போச்சு. இந்தத் தடவை பேச்செல்லாம் முடிஞ்சப்புறம் கூப்பிட்டிருக்கே. நம்மாளுங்க அத்தனை பேரும் வேன் பிடிச்சு ஏழரைக்கு வந்துடறோம்' என்று எழுதியிருக்கிறாய். சரி அக்கா, பகல் அட்டையைக் கிழித்துப் போடு. எல்லோரும் அவசியம் மாலையிலேயே வாருங்கள். பேச்சை எட்டு மணிக்கு மாற்றிவிட்டேன்.